தொழுநோய் வந்தவருக்கு எதிர்ப்பு சக்தி இல்லை என்று அர்த்தமா? எச்.ஐ.வி. சோதனை ஏன் கேட்கிறார்கள்?

#1 கீழத்தெரு
என் தாய்மாமாவுக்கு வயது 54. ஐந்து மாதத்துக்கு முன் தொழுநோய் என்று சொன்னார்கள். முதுகிலும் கையிலும் எட்டு ஒன்பது இடத்தில் தேமல், தொட்டால் உணர்ச்சி கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 12 மாதக் கூட்டு மருந்து ஆரம்பித்தார்கள். நாலு அட்டை முடிந்து ஐந்தாவது ஓடுகிறது. ஒரு நாள்கூட விட்டதில்லை.

போன வியாழக்கிழமை முதல் தேமல் எல்லாம் சிவந்து தடித்துவிட்டது. முழங்கையின் உள்பக்கத்தைத் தொடவே விடமாட்டேன் என்கிறார். நேற்று காலை காபி தம்ளரை வைத்துவிட்டுப் பார்த்தால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கியபடியே நிற்கின்றன, நிமிர்த்த முடியவில்லை.

அத்தை, மருந்துச் சூடுதான் காரணம், நிறுத்திவிடலாம் என்கிறார். தெருவில் ஒருவர், "உடம்பில் எதிர்ப்பு சக்தியே இல்லை, அதனால்தான் இந்த நோயே வந்தது" என்று சொல்லி 2,400 ரூபாய்க்கு ஒரு லேகியம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதற்கு நடுவே ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எச்.ஐ.வி. என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டில் இரண்டு நாளாக யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

தொழுநோய் என்பது எதிர்ப்பு சக்திக் குறைபாடுதானா? எய்ட்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பகல்ஷிஃப்ட்
தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் அப்புறம். இன்றைக்கே மாமாவை அழைத்துக்கொண்டு போங்கள். நாளை வேண்டாம். நான் செவிலியர், தோல் நோய் வார்டில் ஏழு வருடம் இருந்திருக்கிறேன். பழைய தேமல் திடீரென்று சிவந்து தடிப்பது, முழங்கை நரம்பு வலிப்பது, விரல் மடங்குவது மூன்றும் சேர்ந்தால் அதை "ரியாக்‌ஷன்" என்போம். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வருவது இல்லை இது. நரம்பு பாதிக்கப்பட்டு ஆறு மாதத்துக்குள் ஸ்டீராய்டு ஆரம்பித்தால் விரலைத் திரும்பப் பெறும் வாய்ப்பு உண்டு. தள்ளிப்போட்டால் அந்த மடக்கம் நிலைத்துவிடும்.

கூட்டு மருந்தை நிறுத்தவே கூடாது. இரண்டும் சேர்ந்தே ஓடும். லேகியத்தை அப்படியே ஓரமாக வையுங்கள்.

#3 கீழத்தெரு
கிளம்பிவிட்டோம் அக்கா. பேருந்தில் இருந்து எழுதுகிறேன்.

#4 நுண்ணோக்கி
மாமா மருத்துவரிடம் போய்க்கொண்டிருப்பதால் நிதானமாகவே எழுதுகிறேன். நோயெதிர்ப்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவன். இந்தக் கேள்வியோடு பல வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஹான்சன் கண்டார். 150 வருடம் தாண்டியும் அதை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க முடியவில்லை. ஒரு கிருமி இரண்டாவதற்கே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். கிருமிக்கென்று பெரிதாக விஷமும் இல்லை. அப்படியென்றால் உடம்பில் நடக்கும் சேதம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி, கிருமிக்கு உடம்பு கொடுக்கும் பதிலிலிருந்துதான்.

அந்தப் பதில் ஆளுக்கு ஆள் மாறும். 1966இல் ரிட்லி, ஜாப்ளிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு வரிசையாகவே அடுக்கிவிட்டார்கள். ஒரு முனையில் இருப்பவருக்கு ஒன்றிரண்டு தேமல்தான் இருக்கும், தோலில் கிருமியைத் தேடினாலும் கிடைக்காது. டி செல்கள் (எதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளையணுக்கள்) வந்து சுற்றி வளைத்து அடக்கிவிடுகின்றன. மறு முனையில் இருப்பவருக்கு உடல் முழுக்கத் தடிப்பு. தோலைக் கீறி எடுத்த சாற்றை நுண்ணோக்கியில் வைத்தால் கிருமிகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கிருமி இரண்டு பேருக்கும் ஒன்றேதான். பெரும்பாலான நோயாளிகள் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டவர்கள். மாமாவும் அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு வந்திருக்கும் வகை ரியாக்‌ஷன் அந்த இடைப்பட்டவர்களுக்குத்தான் அதிகம் வரும்.

கேள்விக்கு வருகிறேன். கிருமி நிறைந்த அந்த மறு முனைக்காரருக்குக்கூட எதிர்ப்பு சக்தி "இல்லை" என்று சொல்ல முடியாது. காசநோய்க் கிருமி தொழுநோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. அதன் சாற்றைத் தோலில் போட்டுப் பார்த்தால் இவர்களில் பலருக்கு நன்றாகவே தடிக்கும். தொழுநோய்க் கிருமியிலிருந்து எடுத்த லெப்ரோமினைப் போட்டால் மட்டும் மூன்று நான்கு வாரம் கழித்தும் தோல் சும்மா இருக்கும். ஜப்பானின் மிட்சுடா இதை 1919லேயே எழுதிவைத்தார். மற்ற கிருமிகளை எல்லாரையும் போலத்தான் இவர்களும் எதிர்கொள்கிறார்கள். ஆக, கோட்டை முழுக்க இடிந்துவிடவில்லை. காவல்காரர்கள் எல்லாரும் இருக்கிறார்கள், இந்த ஒரு ஆளை மட்டும் தடுப்பதில்லை.

#5 மூன்றாமாண்டு
மருத்துவ மாணவன். எனக்கு இதில் ஒரு முடிச்சு அவிழவே இல்லை சார். தொழுநோயை அடக்குவது டி செல் என்றால், சிடி4 என்ற வகை டி செல்லைத் தின்று தீர்ப்பது எச்.ஐ.வி. அப்படியானால் எச்.ஐ.வி. வந்தவர்களுக்குத் தொழுநோய் பெருகியிருக்க வேண்டுமே? காசநோயில் அதுதானே நடந்தது?

#6 நுண்ணோக்கி
தம்பி, 1980களின் கடைசியில் தொழுநோய் உலகமே இதே பயத்தில் இருந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், நம் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அப்போது தமிழ்நாட்டில் தொழுநோயும் நிறைய இருந்தது. இரண்டும் ஒரே மண்ணில் சேர்ந்தால் என்னவாகும் என்று கவலைப்படாதவர் இல்லை. விலங்குச் சோதனைகளும் அந்தப் பயத்துக்குத் தீனி போட்டன. சாதாரண எலியின் பாதத்தில் கிருமி கொஞ்சம் பெருகி நின்றுவிடும். ஆனால் தைமஸை (டி செல்கள் முதிரும் சுரப்பி) எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்த எலியில் பன்மடங்கு பெருகியது. ரீஸ் என்ற ஆய்வாளர் அதை 1966லேயே காட்டியிருந்தார்.

நடந்ததோ வேறு. ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் இந்தியாவிலும் தேடிப் பார்த்தார்கள். காசநோய் எச்.ஐ.வி.யோடு கைகோத்துக் கிளம்பியது, தொழுநோய் அப்படிக் கிளம்பவில்லை. கிருமி நிறைந்த வகையும் கூடவில்லை. சிடி4 எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தவர்களின் தேமலிலிருந்து தோல் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, கிருமியைச் சுற்றி வளைக்கும் கிரானுலோமா முடிச்சுகள் ஒழுங்காகவே அமைந்திருந்தன.

ஏன் என்பதற்கு ஒரே பதில் இன்னும் இல்லை. கிருமி மிக மெதுவாக வளர்வதால், மருந்து இல்லாத அந்த நாட்களில், தொழுநோய் வெளியே தெரியும் முன்பே எய்ட்ஸ் ஆளைக் கொண்டுபோயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது பாதி விளக்கமாகத்தான் படுகிறது. ரத்தத்தில் எண்ணும் சிடி4 வேறு, தோலில் அந்தந்த இடத்தில் நடப்பது வேறு என்ற இரண்டாவது விளக்கத்தில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இதைவிட முக்கியமான திருப்பம் அப்புறம்தான் வந்தது. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து பரவலான பிறகு, மருந்து சாப்பிட்டு உடம்பு தேறி வரும் வேளையில், அதுவரை ஒன்றுமே தெரியாத சிலருக்குத் தேமல் சிவந்து வெடித்துக் கிளம்பியது. 2003இல் இதைப் பற்றிய முதல் அறிக்கை வந்தது. தொடர்ந்து பல நாடுகளிலிருந்து வந்தன. யோசித்துப் பார் தம்பி. எதிர்ப்பாற்றல் விழுந்து கிடந்தபோது தொழுநோய் கண்ணில் படவில்லை. எதிர்ப்பாற்றல் எழுந்து உட்கார்ந்தபோது கண்ணில் பட்டது. மாமாவின் முழங்கையில் இப்போது நடப்பதும் இதற்கு உறவுதான்.

#7 பழைய சைக்கிள்
நான் ஓய்வுபெற்ற தொழுநோய் களப்பணியாளன். செங்கல்பட்டுப் பக்கம் 31 வருடம் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் தேமல் பார்த்தவன். நுண்ணோக்கி எழுதியதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன்.

நூறு பேரில் 95 பேருக்கு மேல் இந்தக் கிருமி உள்ளே போனாலும் நோய் வராது, இயற்கையாகவே தாங்கும் சக்தி உண்டு என்று நாங்கள்தான் வீடு வீடாகச் சொன்னோம். "எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்குத்தான் வரும், உனக்கு ஒட்டாது, பக்கத்தில் உட்கார்" என்று சொல்லித்தான் ஒதுக்கிவைத்த பல பேரைத் திண்ணைக்குக் கொண்டுவந்தோம். அந்த ஒரு வாக்கியம் எத்தனை குடும்பத்தைப் பிரியாமல் காப்பாற்றியது என்று எனக்குத் தெரியும். இப்போது அது தவறு என்றால் எப்படி? 95 பேருக்கு இருப்பது ஒருவருக்கு இல்லையென்றால் அதன் பெயர் குறைபாடு இல்லாமல் வேறென்ன?

#8 நுண்ணோக்கி
ஐயா, நீங்கள் சைக்கிள் மிதித்த ஊர்களிலிருந்து வந்த சேம்பிள்களை வைத்துப் படித்தவன் நான். உங்களை மறுக்க எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது.

நோய் வந்தவருக்கு ஏதோ ஒரு இடத்தில் ஓட்டை இருக்கிறது என்பது உண்மை. அதில் பரம்பரைப் பங்கும் உண்டு. 2004இல் பார்க்2 என்ற மரபணுவின் பக்கமும், 2009இல் சீனாவில் நடந்த பெரிய ஆய்வில் நாட்2 என்ற மரபணுவின் பக்கமும் தொடர்பு கண்டார்கள். நாட்2 என்பது உள்ளே வந்த கிருமியை அடையாளம் காணும் வேலை செய்வது. அந்த அளவில் உங்கள் சொல் சரி. ஆனால் கிருமியும் சும்மா இல்லை. 1991இல் லாஸ் ஏஞ்சலஸில் ராபர்ட் மாட்லினின் குழு தேமல்களுக்குள்ளேயே பார்த்தது. செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் பொருள்களில், கிருமி குறைந்த தேமலில் காமா இன்டர்ஃபெரான், கிருமி நிறைந்த தடிப்பில் இன்டர்லூக்கின் 4, 10. அதாவது அங்கே உடம்பு ஊமையாக இல்லை, பேசத்தான் செய்கிறது. ஆனால் கிருமிக்குச் சாதகமான செய்தியைப் பேசுகிறது.

என் வருத்தம் சொல்லைப் பற்றி. நீங்கள் அந்த வாக்கியத்தைச் சொன்ன காலத்தில் அதைக் கேட்டவர், "நமக்கு ஒட்டாது" என்று எடுத்துக்கொண்டார். எய்ட்ஸ் வந்த பிறகு அதே வாக்கியத்தைக் கேட்பவர், "இவருக்கு அந்த நோயும் இருக்குமோ" என்று எடுத்துக்கொள்கிறார். கீழத்தெரு வீட்டில் இரண்டு நாள் அடுப்பு சரியாக எரியாததற்கு அதுதான் காரணம். லேகியக்காரரும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார். எதிர்ப்பு சக்தியை ஏற்றுகிறேன் என்று ஒருவர் சொல்லும் அதே நேரத்தில், எதிர்ப்பு சக்தி ஒரு நரம்புக்குள் புகுந்து அடித்துக்கொண்டிருக்கிறது. மருத்துவர் அதைத் தணிக்கத்தான் ஸ்டீராய்டு கொடுக்கப்போகிறார்.

#9 பழைய சைக்கிள்
லேகியக்காரர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லை மாற்றலாம். "உனக்கு ஒட்டாது" என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

எதிர்ப்பைக் கூட்டுவது என்று எடுத்ததற்காக ஒன்று சொல்கிறேன். முறையாக முயன்றவர்களும் உண்டு. 1990களில் எங்கள் மாவட்டத்தில்தான் தடுப்பூசிச் சோதனை நடந்தது. ஆவடியில் இருந்த ஆராய்ச்சி நிலையம் நடத்தியது. 1,71,400 பேர் மனமுவந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். யாருக்கு எந்த ஊசி என்று போட்டவருக்கும் தெரியாது. 1998இல் முடிவு வந்தது. மும்பையின் ஐ.சி.ஆர்.சி. ஊசிக்கு 65.5 சதவீதம் பாதுகாப்பு, காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யோடு இறந்த தொழுநோய்க் கிருமியைச் சேர்த்துப் போட்டதற்கு 64, வெறும் பி.சி.ஜி.க்கு 34.1, டெல்லியின் எம்.டபிள்யூ. ஊசிக்கு 25.7. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் கிராமம் கிராமமாகச் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டிய ஜனங்கள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு நிறைகிறது. எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறேன் என்று சொல்ல விரும்புகிறவர் இப்படிச் சோதித்துக் காட்டிவிட்டுச் சொல்லட்டும்.

#10 நுண்ணோக்கி
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2001இல் தொழுநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியை முழுக்கப் படித்து வெளியிட்டார்கள். அதற்கு எடுத்த கிருமி ரகத்தின் பெயர் டி.என். தமிழ்நாடு என்பதன் சுருக்கம், இங்கே ஒரு நோயாளியிடமிருந்து பிரித்தது. அதை ஆர்மடில்லோவில் வளர்த்துத்தான் தேவையான அளவு எடுத்தார்கள். நம் ஊர் அலங்கு போல மேலே ஓடு போர்த்திய அமெரிக்க விலங்கு அது. உடல்சூடு மனிதரைவிடக் குறைவு, 32 முதல் 35 டிகிரி. அந்தக் குளிர்ச்சி கிருமிக்குப் பிடிக்கும். நமக்கும் தோல், காது மடல், முழங்கை நரம்பு என்று சூடு குறைந்த இடங்களில்தானே அது தங்குகிறது.

படித்துப் பார்த்தால் வேலை செய்யும் மரபணுக்கள் 1,600 சொச்சம்தான். 1,100க்கு மேல் செத்த மரபணுக்கள். தனியாகப் பிழைக்கத் தெரிந்ததையெல்லாம் இழந்துவிட்டு, நம் செல்லுக்குள் மட்டுமே வாழ்வது என்று ஆகிவிட்ட கிருமி. தட்டில் ஏன் வளரவில்லை என்பதற்கு அன்றைக்குத்தான் ஒரு விடை கிடைத்தது.

#11 கருவேலம்
எனக்கு இந்த நோய் வந்து குணமாகிப் பல வருடம் ஆகிறது. இதுவரை இங்கே எழுதியதில்லை.

எனக்கு வந்தது இரண்டாவது வகை ரியாக்‌ஷன். உடம்பெல்லாம் சிவந்த முடிச்சு, காய்ச்சல், கண் வலி. கூட்டு மருந்து முடிந்த பிறகும் விட்டு விட்டு வந்தது. கிருமி செத்தாலும் அதன் மிச்சம் உடம்பில் கிடக்கும், உடம்பு அதோடு சண்டை போடும் என்று விளக்கினார்கள். ஸ்டீராய்டு குறைத்தால் முடிச்சு வரும், கூட்டினால் போகும். அப்படியே மூன்று வருடம்.

கீழத்தெருவுக்குச் சொல்ல நினைப்பது இது. உண்மையான எதிர்ப்பு சக்திக் குறைவு எனக்கு எப்போது வந்தது தெரியுமா? அந்த மூன்று வருட ஸ்டீராய்டில்தான். சர்க்கரை ஏறியது. இடையில் காசநோய் வந்தது. ஒரு இடத்தில் யாரும் எதையும் சோதிக்காமலே மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மாமாவுக்கு ஆரம்பிக்கும்போதே சர்க்கரை, இருமல், வயிற்றுப் புழு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலில் வயலில் இறங்குபவர் என்றால் புழுவை விடவே கூடாது. ஸ்டீராய்டின்போது ஒரு வகைப் புழு உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். எச்.ஐ.வி. சோதனை கேட்டதும் இதே மாதிரியான முன்ஜாக்கிரதைதான். சந்தேகப்பட்டு எழுதியதாக நினைக்க வேண்டாம்.

#12 பகல்ஷிஃப்ட்
கருவேலம் அண்ணா சொன்ன ஒவ்வொன்றும் சரி. இரண்டாவது வகைக்குத் தாலிடோமைடும் கொடுப்பதுண்டு. 1964இல் ஜெருசலேமில் ஷெஸ்கின் என்ற மருத்துவர் தூக்கத்துக்காகக் கொடுத்தார், முடிச்சுகள் அடங்கின. டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளை அது குறைக்கிறது என்று 1991இல் கில்லா கப்லானின் குழு கண்டது. கருவில் இருக்கும் குழந்தையைக் கொடூரமாகப் பாதிக்கும் மருந்து அது. எங்கள் வார்டில் பெட்டியில் பூட்டி வைத்திருப்போம். மாமாவுக்கு வந்த முதல் வகைக்கு அது தேவையில்லை.

#13 மூட்டுவலி
டி.என்.எஃப். என்றதும் திடுக்கென்றது. முடக்குவாதத்துக்கு அந்த டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஊசிதான் போட்டுக்கொள்கிறேன். எனக்குத் தொழுநோய் வருமா?

#14 நுண்ணோக்கி
பயப்பட வேண்டாம். அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குத் தொழுநோய் வெளிப்பட்டதாக அறிக்கைகள் உண்டு, ஆனால் அரிது. அவர்களிலும் சிலருக்கு ஊசியை நிறுத்திய பிறகுதான் ரியாக்‌ஷன் வந்தது, எச்.ஐ.வி. கதையைப் போலவே. உணர்ச்சி இல்லாத தேமல் ஏதாவது தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், ஊசி போடுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள்.

#15 கீழத்தெரு
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். முதல் வகை ரியாக்‌ஷன்தான், முழங்கை நரம்பு தடித்திருக்கிறது என்றார்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, 40 மில்லிகிராமில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 20 வாரம். கூட்டு மருந்தும் தொடர்கிறது. எச்.ஐ.வி. இல்லை. சர்க்கரை கொஞ்சம் எல்லையில் நிற்கிறது. புழுவுக்கு மாத்திரை கொடுத்தார்கள், கருவேலம் அண்ணா, நீங்கள் சொன்னதை அப்படியே கேட்டேன்.

இரண்டு விரலுக்கு நடுவே ஒரு காகிதத்தைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தார்கள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மாமா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டில் நாங்கள் ஆறு பேர். எங்களுக்கு ஏதாவது மருந்து உண்டா?

#16 பழைய சைக்கிள்
உண்டு அம்மா. ஆறு பேரும் முதலில் உடம்பைக் காட்ட வேண்டும், பிள்ளைகளும்தான். தேமல் எதுவும் இல்லையென்றால், கூட்டு மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை. வங்கதேசத்தில் நோயாளிகளோடு பழகியவர்கள் 21,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 2008இல் வந்தது. முதல் இரண்டு வருடத்தில் புதிதாக நோய் வருவது 57 சதவீதம் குறைந்தது. 2018 முதல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது, நம் அரசுத் திட்டத்திலும் இருக்கிறது. யாருக்காவது இருமல் இருந்தால் காசநோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கொடுப்பார்கள். ஒரு வேளை போட்டுவிட்டோமே என்று இருந்துவிடாமல், வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் உடம்பைக் காட்டுங்கள். இந்த நோய் வெளியே தெரிய ஐந்து வருடம்கூட ஆகும், சிலருக்கு இருபது.

அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், மருந்து ஆரம்பித்த மாமாவிடமிருந்து இனி யாருக்கும் ஒட்டாது. தட்டைப் பிரித்து வைக்க வேண்டாம்.

#17 கீழத்தெரு
தட்டைப் பிரித்துத்தான் வைத்திருந்தோம் ஐயா. இன்று சேர்த்துவிட்டோம்.

#18 மூன்றாமாண்டு
அக்கா, தினமும் மாமா உள்ளங்கையையும் பாதத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த கையில் சூடு பட்டாலும் தெரியாது. விரல் அழுகிப்போவது நோயால் இல்லை, வலி தெரியாமல் படும் காயத்தால்தான் என்று வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் கண்டுகொண்டதைச் சென்ற வாரம்தான் வகுப்பில் நடத்தினார்கள். தம்ளருக்குக் கைப்பிடி உள்ளதாக வாங்குங்கள்.

#19 கீழத்தெரு
ஆறு வாரம் ஆகிறது. தேமல் தணிந்துவிட்டது, முழங்கையைத் தொட்டால் வலி இல்லை. சுண்டுவிரல் முழுதாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி நிமிர்கிறது. ஆறு பேரும் உடம்பைக் காட்டிவிட்டோம். ஐந்து பேருக்கு ரிஃபாம்பிசின் கொடுத்தார்கள். மாமாவின் சின்ன மகளுக்குத் தோளில் ஒரு வெளிறிய புள்ளி, உணர்ச்சி இருக்கிறது, இருந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தத் தடவை காகிதத்தை இழுத்தபோது உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். அடுத்த சோதனை 14ஆம் தேதி, போய்வந்து எழுதுகிறேன்.